உள்ளிடம் நிறைஞ்சுபோச்சு: பிஎஸ்5, எக்ஸ்பொக்ஸ், ஸ்விட்ச்சுக்கு மேலதிகச் சேமிப்பு. எவ்வளவு செலவு, எதுவரைக்கும் ஏலும்?

வவுனிக்குளத்தான்

மல்லாவியில ஒரு சின்னக் கேம் கடைக்குச் சேமிப்பு இடம் கூட்ட வேணும். கேம் பெட்டி (கொன்சோல்) நாலு: முதல் மொடல் பிஎஸ்5 ஒண்டு, பிஎஸ்4 ஸ்லிம் 500 ஜிபி ரெண்டு, எக்ஸ்பொக்ஸ் சீரிஸ் எஸ் 512 ஜிபி ஒண்டு. லைன் 4ஜி ரவுட்டர்தான். பின்னேரத்தில 8 எம்பிபிஎஸ், நடுச்சாமம் கடந்தால் 20 வரும். நாலுக்கும் எஸ்எஸ்டி (சுழலுற தட்டு இல்லாத வேகமான சில்லு டிஸ்க்) பூட்டவோ, இல்லாட்டி யூஎஸ்பி ஹாட் டிஸ்க் காணுமோ? எதுக்குக் காசு போடலாம், எதுக்குப் போட்டால் வீண்?

இரணைமடு_அலைகரை

தம்பி, கேமை வைக்கிற இடம் வேற, கேம் ஓடுற இடம் வேற. பிஎஸ்4 காலத்தில ரெண்டும் ஒண்டுதான். 2020 நவம்பரில வந்த பிஎஸ்5, சீரிஸ் எக்ஸ், சீரிஸ் எஸ் மூண்டிலயும் அது பிரிஞ்சுபோச்சு. இது விளங்காமல்தான் கனபேர் காசை விடுகினம்.

பிஎஸ்5: பெட்டியில 825 ஜிபி எண்டு கிடக்கும், பாவிக்கக் கிடைக்கிறது 667. யூஎஸ்பியில கொளுவுற டிஸ்க்கில பிஎஸ்4 கேம் நேராக ஓடும். பிஎஸ்5 கேமை அங்க வைக்கலாம், ஓட்ட ஏலாது. ஓட்டுறதெண்டால் உள்ளுக்குக் கொண்டுவர வேணும். யூஎஸ்பி டிஸ்க் 250 ஜிபியில இருந்து 8 டிபி வரைக்கும், ஒரு நேரத்தில ஒண்டுதான். ஹப்புக்குள்ளால (ஒரு துவாரத்தைப் பலதாக்கிற பெட்டி) கொளுவினால் எடுக்காது. பிஎஸ்5 கேம் ஓடக்கூடிய மேலதிக இடம் உள்ள இருக்கிற எம்.2 (சின்னப் பலகை வடிவ எஸ்எஸ்டி செருகுற) துவாரம் மட்டும்தான். அதை 2021 செப்டம்பர் அப்டேட்டில திறந்துவிட்டவை. முதல் 4 டிபி எல்லை, 2023 செப்டம்பரில் இருந்து 8 டிபி.

சீரிஸ் எஸ்: 512 எண்டு சொன்னாலும் 364 தான் மிச்சம். 100 ஜிபி கேம் மூண்டு போட்டால் கதை முடிஞ்சுது. யூஎஸ்பி 3.0 டிஸ்க் 128 ஜிபிக்கு மேல இருக்க வேணும். எக்ஸ்பொக்ஸ் வண், 360, முதல் எக்ஸ்பொக்ஸ் கேமுகள் அதில இருந்தே ஓடும். சீரிஸுக்கெண்டு செய்த கேமை அதில வைக்கலாம், ஓட்ட ஏலாது. ஓட வேணுமெண்டால் பின்பக்கத் துவாரத்துக்குரிய விரிவாக்கக் காட் வாங்க வேணும்.

பிஎஸ்4: 2017 மார்ச்சில வந்த 4.50 அப்டேட்டுக்குப் பிறகு யூஎஸ்பி 3.0 டிஸ்க் 8 டிபி வரைக்கும் எடுக்கும், கேம் அதில இருந்தே ஓடும். ஒரு தொந்தரவும் இல்லை.

இனி உங்கட லைனைப் பாப்பம். 100 ஜிபி கேம் 20 எம்பிபிஎஸ்ஸில 11 மணித்தியாலத்துக்கு மேல. 8 எம்பிபிஎஸ் எண்டால் கிட்டத்தட்ட 28 மணித்தியாலம். இரவு டேட்டா 12 மணியில இருந்து காலமை 7 மட்டும் எண்டு வைச்சால் ஒரு இரவில 63 ஜிபிதான் இறங்கும். அப்ப ஒரு கேமை அழிச்சால் திருப்பி எடுக்க ரெண்டு இரவு. அதே கேம் சாதாரண யூஎஸ்பி ஹாட் டிஸ்க்கில இருந்து உள்ளுக்கு வர 17, 20 நிமிசம். கொழும்பில ஃபைபர் வைச்சிருக்கிறவன் "அழிச்சுப்போட்டு பிறகு இறக்கு" எண்டு சொல்லுவான். அந்தப் புத்தி இஞ்ச சரிவராது. எங்களுக்கு ஹாட் டிஸ்க் எண்டது நெல்லுக் கொட்டில் மாதிரி.

முறிகண்டிக்கச்சான்

கொட்டில் எல்லாம் சரி அண்ணை, ஆனால் கேம் கடையில வாற பெடியன் 17 நிமிசம் கதிரையில இருந்து கொட்டாவி விடுவானோ? மணித்தியாலக் கணக்கில காசு எடுக்கிற இடம். பிஎஸ்5க்கு 2 டிபி எம்.2 ஒண்டைப் பூட்டினால் இருக்கிற 667ஓட சேர்த்து 25 பெரிய கேம் நிக்கும், ஒண்டையும் நகர்த்தத் தேவையில்லை. வாங்கினால் ஒரேயடியாகப் பெரிசா வாங்க வேணும். துவாரம் ஒண்டுதான் இருக்கு. 1 டிபி போட்டுப்போட்டு பிறகு 2 டிபி வாங்கினால் முதல் வாங்கினது மேசை லாச்சிக்குள்ள.

இரணைமடு_அலைகரை

கச்சான், பிஎஸ்5க்கு உம்மட கணக்குச் சரி, துவாரம் ஒண்டு எண்ட நியாயமும் சரி. ஆனால் கடையில ஒரு கிழமையில உண்மையா ஓடுற கேம் எத்தினை? பந்து, கார், துவக்கு. அஞ்சோ ஆறோ. அதுக்கு 667 காணும். மிச்சம் ஹாட் டிஸ்க்கில நிக்கட்டும். நகர்த்துறதைக் காலமை கடை திறக்கமுன்னம் செய்யலாம். 1 டிபி எம்.2 போட்டாலே பாவிக்கிற இடம் ரெண்டரை மடங்காகும்.

விலையைப் பற்றி: ரூபாக் கணக்கு இதில எழுதேல்லை. 2025 கடைசியில இருந்து மெமரிச் சில்லுகளின்ர விலை ஏறினபடி. இண்டைக்கு எழுதினது வாற கிழமை பொய்யாப்போகும். கடையில கேக்கிற விலையை ஜிபியால பிரிச்சுப் பாருங்கோ. ஹாட் டிஸ்க், சாட்டா எஸ்எஸ்டி (பழைய, மெதுவான இணைப்பு வகை), எம்.2 ஜென்4 (நாலாந் தலைமுறை, வேகமான வகை), எக்ஸ்பொக்ஸ் காட் எண்ட வரிசையில ஒரு ஜிபியின்ர விலை கூடிக்கொண்டு போகும். வெளிநாட்டில இருந்து எடுப்பிக்கிற ஆக்கள் 18 வீத வற் வரியையும் கூட்டிப் பாருங்கோ, 2024 ஜனவரியில இருந்து அதுதான் வீதம்.

ஏ9_லொறி

எக்ஸ்பொக்ஸ் காட் விலை தனிக் கொடுமை. 2020இல சீரிஸ் எஸ் பெட்டியே 299 டொலர். அதுக்குரிய 1 டிபி காட் 219.99 டொலர்! அப்ப சீகேட் மட்டும்தான் செய்தது. 2023இல டபிள்யூடி (வெஸ்டேர்ன் டிஜிட்டல்) கொம்பனியின்ர சி50 காட் வந்தாப்பிறகுதான் 1 டிபி 150 டொலர் பக்கம் இறங்கினது. ஒரு கொம்பனி மட்டும் விக்கிற சாமான் எப்பவும் உப்பிடித்தான். 2012இல பிஎஸ் வீட்டா எண்ட கைக்கேம் பெட்டியின்ர 32 ஜிபி மெமரிக் காட் அமெரிக்காவில 99.99 டொலர். சோனிக்காரனின்ர சொந்த வடிவம், வேற காட் போகாது. அந்தப் பாடத்துக்குப் பிறகு பிஎஸ்5இல சந்தையில கிடைக்கிற எம்.2ஐயே எடுக்கவிட்டதுக்கு அவனுக்கு ஒரு நன்றி சொல்லலாம்.

சீரிஸ் எஸ்ஸைப் பற்றி ஒரே சொல்லில: காட் வாங்க வேண்டாம். காட்டின்ர காசோட கொஞ்சம் போட்டால் பாவிச்ச பெட்டி இன்னொண்டு வரும். பின்னால ஒரு யூஎஸ்பி டிஸ்க்கைக் கொளுவி விடுங்கோ. எக்ஸ்பொக்ஸில ஒரு வசதி: பிரதி எடுக்கலாம். உள்ளுக்கு ஒண்டு, டிஸ்க்கில ஒண்டு எண்டு ரெண்டு இடத்திலயும் வைக்கலாம். உள்ள இடம் தேவைப்பட்டால் உள்ளதை அழிச்சால் சரி, டிஸ்க்கில உள்ளது பத்திரம். சில கேமுகளில கதைப் பகுதியையும் ஒன்லைன் பகுதியையும் வேற வேறயாக ஏத்தலாம், இறக்கலாம். கால் ஆஃப் டியூட்டி அப்பிடித்தான். கடையில ஆரும் கதைப் பகுதி விளையாடப் போறேல்லை, அதைத் தூக்கிவிடுங்கோ.

சின்ன எஸ்எஸ்டியை மலிவு அடப்டரில போட்டு அந்தப் பின்துவாரத்தில செருகலாம் எண்டு வீடியோக்கள் இருக்கு. எல்லா எஸ்எஸ்டியையும் அது எடுக்காது. அதுக்குப் பின்னால போகாதேங்கோ.

வவுனிக்குளத்தான்

நன்றி அண்ணையள். அப்ப ஒரு டிஸ்க்கில பிஎஸ்4 கேமுகளை இறக்கி, அதையே ரெண்டாவது பிஎஸ்4க்கும் கொண்டுபோய்ப் பிரதி எடுக்கலாமோ? டேட்டா மிச்சமாகுமே.

இரணைமடு_அலைகரை

ஓம், டிஸ்க்கைக் கழட்டி மற்றதில கொளுவுங்கோ, பிறகு உள்ளுக்குப் பிரதி எடுங்கோ.

பாலைப்பழம்

இல்லை இரணைமடு, அது பிழை. பிஎஸ்4இல பிரதி இல்லை, நகர்த்துறது மட்டும்தான். ரெண்டாவது பெட்டிக்குள்ள நகர்த்தினால் டிஸ்க்கில இருந்து போயிடும். டிஸ்க்கில வைச்சபடி மற்றப் பெட்டியில கொளுவி ஓட்டலாம், அதுக்கும் அந்தக் கேம் வாங்கின கணக்கு அங்க உள்நுழைஞ்சிருக்க வேணும். சீடியில வாங்கின கேம் எண்டால் சீடியும் உள்ள இருக்க வேணும். ஒரே நேரத்தில ரெண்டு பெட்டியிலயும் அதே கேம் தேவை எண்டால் ரெண்டு தரம் இறக்கத்தான் வேணும்.

டேட்டாவை மிச்சம் பிடிக்க வேற வழி இருக்கு. ஒரு பழைய கொம்பியூட்டரில லினக்ஸ் போட்டு, அதில டொக்கர் (மென்பொருளைத் தனியாப் பிரிச்சு ஓட்டுற கருவி) வழியா லான்கேஷ் எண்ட இலவச மென்பொருளை நிறுவலாம். 1 டிபி ஹாட் டிஸ்க் காணும். கொன்சோலின்ர நெற்வேர்க் அமைப்பில டிஎன்எஸ் (இணையப் பெயரை முகவரியாக மாத்துறது) எண்ட இடத்தில அந்தக் கொம்பியூட்டரின்ர முகவரியைக் குடுங்கோ. முதல் பெட்டி இறக்கும்போது கேம் 4ஜியால வந்து கொம்பியூட்டரிலயும் தங்கும். ரெண்டாவது பெட்டி இறக்கும்போது கடைக்குள்ள இருக்கிற கேபிளால வரும். பிளேஸ்டேஷன், எக்ஸ்பொக்ஸ் ரெண்டின்ர கேம் கோப்புகளும் பெரும்பாலும் பூட்டில்லாத (மறைகுறியாக்காத) எச்டிடிபி இணைப்பில வாறதாலதான் இது வேலை செய்யுது. வைஃபையில செய்யாதேங்கோ, கேபிள் இழுங்கோ.

பிஎஸ்4க்கு ஒண்டு கட்டாயம் தெரிஞ்சிருக்க வேணும். 2 ஜிபி அப்டேட் வந்தாலும் "இடம் காணாது" எண்டு சொல்லும். பிழை இல்லை. பிஎஸ்4 அப்டேட்டை இறக்கினாப்பிறகு முழுக் கேமையும் புதுசா ஒருக்கா எழுதித்தான் சேர்க்கும். 100 ஜிபி கேமுக்கு அந்த அளவு வெறும் இடம் தேவை. அதாலதான் 500 ஜிபி பிஎஸ்4இல மூண்டு பெரிய கேம் போட்டால் நாலாவதுக்கு இடம் இருக்கிற மாதிரி தெரியும், ஆனால் இருக்காது. யூஎஸ்பி டிஸ்க்கிலயும் அதே கதை. 1 டிபியில 150 ஜிபியை எப்பவும் காலியா விடுங்கோ.

முறிகண்டிக்கச்சான்

அக்கா, பிஎஸ்4க்கு உள்ள டிஸ்க்கை மாத்துறது நல்லமோ, வெளியில கொளுவுறதோ?

பாலைப்பழம்

வெளியில. உள்ளதை மாத்துறது சுகம்தான்: ஸ்லிம்மில பின்மூலையில உள்ள சின்ன மூடியை இழுத்தால் வரும், பிளேஸ்டேஷன் குறியள் பொறிச்ச ஒரு ஸ்குரூ, தட்டை வெளியில இழுத்தால் பக்கத்தில நாலு ஸ்குரூ. 2.5 அங்குலம், 9.5 மில்லிமீற்றர் தடிப்புக்குள்ள உள்ள எந்த சாட்டா டிஸ்க்கும் போகும். பிறகுதான் மினைக்கேடு. சிஸ்டம் மென்பொருளை முழுசாக யூஎஸ்பி பென்னில இறக்கிக்கொண்டு வர வேணும். சாதாரண அப்டேட் கோப்பு காணாது, மீள்நிறுவல் கோப்புத்தான் வேணும், 1 ஜிபி அளவில வரும். பிறகு பவர் பட்டனை ரெண்டாவது பீப் கேக்கும்வரை 7 செக்கன் அமத்தி சேஃப் மோட் (பழுது பாக்கிற நிலை), கொன்ட்ரோலரைக் கேபிளால கொளுவி 7ஆவது தெரிவு. கேம் எல்லாம் போயிடும். உள்ள டிஸ்க் பழுதாகாதவரைக்கும் உதுக்குப் போகத் தேவையில்லை. 480 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒண்டை யூஎஸ்பி 3.0 உறைக்குள்ள போட்டுக் கொளுவினால் லோட் ஆகிற நேரம் கண்ணுக்குத் தெரியக் குறையும், பெட்டியைத் திறக்கவும் தேவையில்லை.

வவுனிக்குளத்தான்

பிஎஸ்5க்கு எம்.2 வாங்கினால் எதைப் பாத்து வாங்க? பூட்டுறது கஷ்டமோ?

பாலைப்பழம்

வாங்கேக்க பாக்க வேண்டியது:

பெட்டியில "பிசிஐஇ ஜென்4, என்விஎம்இ" எண்டு இருக்க வேணும். எம்.2 வடிவத்தில சாட்டாவும் இருக்கு, ஜென்3யும் இருக்கு. ரெண்டையும் பிஎஸ்5 எடுக்காது. மடிகணினிக்கெண்டு கடையில கிடக்கிற மலிவு எம்.2 கனக்க ஜென்3தான், கவனம். வாசிக்கிற வேகம் 5,500 எம்பி/செக்கன் அல்லது அதுக்கு மேல எண்டுதான் சோனி சொல்லுது. ஜென்5 வாங்காதேங்கோ: துவாரம் ஜென்4 வேகத்திலதான் ஓடும், காசும் கூட, சூடும் கூட.

அளவு 2280 (22 மில்லிமீற்றர் அகலம், 80 நீளம்) எண்டதுதான் எங்கயும் கிடைக்கும். ஹீட்சிங்க்கோட (சூட்டை வெளியேத்திற உலோகத் தட்டு) சேர்த்து மொத்தத் தடிப்பு 11.25 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. பலகைக்கு மேல 8, கீழ 2.45. ஹீட்சிங்க்கோட அகலம் 25 வரைக்கும். கொம்பியூட்டர் கேம் ஆக்கள் பூட்டுற பெரிய ஹீட்சிங்க் இதுக்குள்ள போகாது. ஹீட்சிங்க் இல்லாமலும் விடாதேங்கோ. வவுனியா, கிளிநொச்சிப் பக்கம் பங்குனி, சித்திரையில தகரக் கூரைக்குக் கீழ உள்ள அறையின்ர சூட்டை யோசியுங்கோ.

பலகையிலயே டிரேம் (வேகமான தற்காலிக மெமரி) சில்லு இல்லாமல் கொம்பியூட்டரின்ர மெமரியைக் கடன் வாங்கி ஓடுற மலிவு எஸ்எஸ்டி இருக்கு. பிஎஸ்5 அந்தக் கடனைக் குடுக்காது. ஓடும், ஆனால் பெட்டியில எழுதின வேகம் வராமல் போகலாம். கியூஎல்சி சில்லு (மலிவான, எழுத எழுதச் சீக்கிரம் தேயிற வகை) எண்டு பயப்படுறதும் தேவையில்லை. கேம் ஒருக்கா எழுதி நூறு தரம் வாசிக்கிற வேலை.

இனிப் பூட்டுறது. முதல் சிஸ்டம் மென்பொருளை அப்டேட் பண்ணுங்கோ. பிறகு முழுசா நிப்பாட்டுங்கோ, ரெஸ்ட் மோட் காணாது. கேபிள் எல்லாம் கழட்டி, தொட்டுப்பாத்து ஆறினாப்பிறகு ஒரு வெள்ளைத் துவாயில படுக்க வையுங்கோ. வெள்ளை ஏனெண்டால் ஸ்குரூ விழுந்தால் தெரியும். சீடி போடுற பக்கம் கீழ. மேல உள்ள மூடியின்ர ஒரு மூலையை மெல்ல உயர்த்தித் தள்ளினால் சறுக்கிக் கழரும். இழுத்து முறிக்கிறேல்லை. அந்த நேரத்தில ஃபான் பக்கத்தில உள்ள செம்மண் தூசியையும் ஒரு தூரிகையால எடுத்துவிடுங்கோ. எங்கட ஊர்ப் பெட்டியளில கட்டாயம் இருக்கும்.

நீளமான உலோக மூடி ஒண்டு, ஒரு ஸ்குரூ. அதைக் கழட்டினால் துவாரம். உள்ள 30, 42, 60, 80, 110 எண்டு குறிச்ச குழியள். அதில ஒண்டில ஒரு ஸ்குரூவும் அடியில வளையம் மாதிரி ஒரு ஸ்பேசரும் இருக்கும். ரெண்டையும் எடுத்து, ஸ்பேசரை 80இல வையுங்கோ. எஸ்எஸ்டியைச் சரிவாகச் செருகி, வெட்டுப் பக்கம் பொருந்தினாப்பிறகு படுக்க அமத்தி, அதே ஸ்குரூவால பூட்டுங்கோ. ஸ்பேசரை மறந்தால் பலகை வளையும். உலோக மூடியைத் திரும்பப் பூட்டாமல் விடக்கூடாது.

எல்லாத்தையும் விடக் கூட நடக்கிற பிழை: ஹீட்சிங்க்கோட வாற சூட்டுப் பட்டையின்ர ரெண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் தாள் ஒட்டியிருக்கும். ஒரு பக்கத்தை உரிச்சு மற்றதை அப்பிடியே விட்டுவிடுவினம். பாக்க எல்லாம் சரி, சூடு மட்டும் கடக்காது. கொஞ்ச நேரத்தில கேம் திக்கித் திக்கி ஓடும். நகத்தால மூலையைச் சுரண்டிப் பாருங்கோ. நீலமோ வெள்ளையோ ஒரு தாள் எழும்பினால் அதுதான்.

பெட்டியைப் போட்டவுடன ஃபோர்மட் கேக்கும், குடுங்கோ. வாசிக்கிற வேகம் திரையில வரும். பிறகு அமைப்புகளில புதுக் கேம் எங்க இறங்க வேணும் எண்டதை எம்.2க்கு மாத்துங்கோ.

முறிகண்டிக்கச்சான்

அந்தப் பிளாஸ்டிக் தாள் விஷயத்தை இழையின்ர மேல பின் குத்தி வைக்க வேணும்.

அக்கா, எம்.2ஐக் கழட்டி வேற பிஎஸ்5இல போட்டால் கேம் அப்பிடியே இருக்குமோ?

பாலைப்பழம்

இருக்காது, புதுப் பெட்டி ஃபோர்மட் கேக்கும். சேவ்களை (விளையாட்டு எதுவரைக்கும் வந்தது எண்ட பதிவு) பற்றியும் கேளுங்கோ: பிஎஸ்5 கேமின்ர சேவைத் தனியா யூஎஸ்பிக்கு எடுக்க ஏலாது. பிளேஸ்டேஷன் பிளஸ் சந்தா இருந்தால் கிளவுட், இல்லாட்டி முழுப் பெட்டியையும் யூஎஸ்பிக்கு பேக்கப் பண்ண வேணும். பிஎஸ்4 கேமின்ர சேவை பென்னில எடுக்கலாம். எக்ஸ்பொக்ஸில சந்தா இல்லாமலே கிளவுட்டுக்குப் போகும், லைன் இருந்தால் சரி.

நந்திக்கடல்_இறால்

இழைக்குள்ள புகுந்து கேக்கிறன், மன்னிக்கோணும். நின்டென்டோ ஸ்விட்ச்சுக்கு வாங்கின 256 ஜிபி மைக்ரோ எஸ்டி காட்டைப் புது ஸ்விட்ச் 2இல போட்டால் கேம் இறங்குதில்லை. காட் போலியோ?

ஏ9_லொறி

போலி எண்டு சொல்ல ஏலாது. 2025 ஜூன் 5இல வந்த ஸ்விட்ச் 2 கேமுக்கு மைக்ரோ எஸ்டி எக்ஸ்பிரஸ் எண்ட வகையை மட்டும்தான் எடுக்கும். பழைய காட்டைச் செருகினால் அதில உள்ள படம், வீடியோவை மட்டும் பாக்கலாம். எக்ஸ்பிரஸ் காட்டில பின்னுக்கு ரெண்டு வரிசைத் தொடுப்பு இருக்கும், முன்பக்கத்தில "ஈஎக்ஸ்" குறி. உள்ள ஓடுறது எஸ்எஸ்டியில உள்ள அதே பிசிஐஇ, என்விஎம்இ வழி. அதால விலையும் எகிறும். ஸ்விட்ச் 2இல 256 ஜிபி உள்ளயே இருக்கு, அவசரப்பட்டு வாங்கத் தேவையில்லை.

பழைய ஸ்விட்ச்சில நிலைமை மற்றப்பக்கம். உள்ள 32 ஜிபி, பாவிக்க 26 ஜிபி கூடக் கிடைக்காது. ஓலெட் மொடலில 64. அதுக்குச் சாதாரண யூஎச்எஸ்-1 (ஒரு வேக வகை) மைக்ரோ எஸ்டி காட் 2 டிபி வரைக்கும் எடுக்கும். கூடின வேகக் காட் வாங்கினாலும் ஸ்விட்ச் அந்த வேகத்துக்குப் போகாது. சேவ் எப்பவும் பெட்டிக்குள்ளதான், காட்டில இல்லை. காட் பழுதானால் கேமைத் திருப்பி இறக்கினால் போதும்.

போலி பற்றிக் கேட்டபடியால்: இணையச் சந்தையில "2 டிபி காட்", "16 டிபி எஸ்எஸ்டி" எண்டு ஒரு கொத்துரொட்டிக் காசுக்கு விக்கிறது முழுக்கப் போலி. உள்ள 32, 64 ஜிபிதான். கொளுவினால் 2 டிபி எண்டு காட்டும். கேம் இறங்கும், நிறைஞ்சாப்பிறகு பழசின்ர மேலயே எழுதும், கேம் பாதியில "தரவு பழுது" எண்டு நிக்கும். வாங்கின அண்டே சோதியுங்கோ. விண்டோஸில எச்2டெஸ்ட்டபிள்யூ, லினக்ஸில எஃப்3. ரெண்டும் இலவசம். முழு இடத்தையும் எழுதி, திருப்பி வாசிச்சுப் பாக்கும். 100 எம்பி/செக்கன் வேகத்தில 1 டிபி டிஸ்க்குக்கு எழுத 2 மணி 47 நிமிசம், வாசிக்க அதே அளவு. பொறுமை இல்லாட்டியும் செய்யுங்கோ. கிளிநொச்சி, வவுனியாக் கடையில வாங்கினால் அங்கயே மாத்தலாம். கொழும்பு யூனிற்றி பிளாஸாவில இருந்து கூரியரில எடுத்தால் பில்லையும் உத்தரவாத ஸ்டிக்கரையும் கிழிக்காமல் வைச்சிருங்கோ, போக வரச் செலவு உங்கட தலையில.

1 டிபி எண்டு வாங்கினது விண்டோஸில 931 எண்டு காட்டினால் சண்டைக்குப் போகாதேங்கோ. அது எண்ணுற முறை வித்தியாசம்.

இரணைமடு_அலைகரை

கரண்டைப் பற்றி ஆரும் எழுதேல்லை. எங்கட பக்கம் டிஸ்க்கைச் சாகடிக்கிறது அதுதான். கேம் நகர்ந்துகொண்டிருக்கேக்க கரண்ட் போனால், திரும்பப் போடேக்க "யூஎஸ்பி சேமிப்பைச் சரிசெய்கிறது" எண்டு வரும். வந்தால் கையை வைக்காதேங்கோ, முடியட்டும். ரெண்டு மூண்டு தரம் அப்பிடி நடந்தால் கேம் பட்டியல் குழம்பும். சேஃப் மோட்டில 5ஆவது தெரிவு, தரவுத்தளத்தை மீளக் கட்டுறது. கேம் அழியாது.

பிஎஸ்5 கேம் ஓடேக்க 200 வாட் பக்கம் எடுக்கும். 650 விஏ யூபிஎஸ் (கரண்ட் போனால் கொஞ்ச நேரம் மின் குடுக்கிற பற்றரிப் பெட்டி) 360 வாட் அளவு குடுக்கும். ஒரு பிஎஸ்5உம் சின்ன ரிவியும் கொளுவி, கரண்ட் போனவுடன கேமை மூடி ஒழுங்கா நிப்பாட்டுற அளவு நிமிசம் கிடைக்கும். தொடர்ந்து விளையாடுறதுக்கில்லை. ரவுட்டருக்குத் தனிச் சின்ன டிசி யூபிஎஸ் வையுங்கோ, இரவு டவுன்லோட் அறாது.

வவுனிக்குளத்தான்

அப்ப முடிவு இதுதான்: பிஎஸ்5க்கு ஹீட்சிங்க்கோட 1 டிபி ஜென்4. பிஎஸ்4 ரெண்டுக்கும் 1 டிபி ஹாட் டிஸ்க் ஒவ்வொண்டு. சீரிஸ் எஸ்க்கு 2 டிபி ஹாட் டிஸ்க், காட் இல்லை. யூபிஎஸ் ரெண்டு. லான்கேஷுக்குப் பழைய கொம்பியூட்டர் இருக்கு. பிஎஸ்5க்கும் ஒரு ஹாட் டிஸ்க் கொளுவோணும் எண்டால் முன்பக்கத் துவாரம் வசதியா இருக்கே?

பாலைப்பழம்

முன்பக்கம் உள்ள பெரிய சதுரத் துவாரம் யூஎஸ்பி 2.0, டிஸ்க்குக்கு ஆகாது. பின்பக்கம் ரெண்டு இருக்கு, அதில கொளுவுங்கோ. சின்ன ஹாட் டிஸ்க்குகளோட வாற அகலமான மைக்ரோ-பி முனையைப் பாருங்கோ: ஒரு மாதம் கழட்டிப் பூட்டினால் தளர்ந்து ஆடும், ஆடினால் டிஸ்க் நடுவில துண்டிக்கும், ஆக்கள் டிஸ்க் பழுது எண்டு எறிஞ்சுபோடுவினம். கேபிளை மாத்திப் பாத்திட்டு எறியுங்கோ. அரை மீற்றர் காணும். டிஸ்க்கைப் பெட்டிக்கு மேல வைக்காதேங்கோ, சூட்டுக் காத்து வாற பின்பக்கத்திலயும் வைக்காதேங்கோ. பக்கத்தில ஒரு சின்னத் தட்டில வைச்சு இரட்டைப் பக்க ரேப் போடுங்கோ, பெடியள் கேபிளில கால் தட்டினாலும் விழாது.

கொன்சோலில ஃபோர்மட் பண்ணின டிஸ்க்கை லப்டொப்பில கொளுவினால் "ஃபோர்மட் பண்ணட்டோ" எண்டு விண்டோஸ் கேக்கும். கடையில நிக்கிற மற்றப் பெடியனுக்கும் சொல்லி வையுங்கோ: வேண்டாம் எண்டதை அமத்திப்போட்டுக் கழட்டட்டும். கழட்டமுன்னம் கொன்சோல் அமைப்பில பாதுகாப்பாக அகற்றுறதையும் குடுக்க வேணும்.